கை நனைக்க ஒரு தேன் கேக்

மணி நக்கிவிட்டது. ஒரு சொட்டு விடாமல் நக்கிவிட்டு, இன்னும் கிடைக்குமா என்று வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

மணி எங்கள் தெரு நாய். அதன் எதிரே, வாசல் சிமெண்டுத் தரையில் என் மாமனார் குந்தியிருந்தார். அவருக்குப் பின்னால் மாமியார், என் வீட்டுக்காரர், எதிர்வீட்டுக்காரர்கள், பால் ஊற்ற வந்தவர் என்று ஒரு சின்னக் கூட்டம். எல்லார் முகமும் செத்துப்போயிருந்தது.

"போச்சி. நாயி நக்கிடுச்சி. தேனு டூப்ளிகேட்டு" என்றார் மாமனார்.

சுத்தமான தேனை நாய் நக்காது என்பது எங்கள் மணலூர்பேட்டைப் பக்கத்தில் சட்டம். அதை யார் போட்டார்கள், எந்த நாயைக் கேட்டுப் போட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. மணி செருப்பைக் கடித்துத் தின்னும். துணி சோப்பைத் தின்னும். ஒரு தடவை என் வீட்டுக்காரரின் ஹெல்மெட் வாரைத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டது. அப்பேர்ப்பட்ட நாய் தேனை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு, மரியாதையாக விலகிப் போக வேண்டும் என்று இவர்கள் எதிர்பார்த்தார்கள்.

சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. என் நாத்தனார் வினோதினியின் கல்யாணம் அன்றைக்கு அந்த நாயின் நாக்கில்தான் நின்றுகொண்டிருந்தது.

இயற்கைச் சம்பந்தி

புதிதாக வந்து சேர்ந்த வாசகர்களுக்காக ஒரு வரி. நான் கரும்பு விவசாயி வீட்டு மருமகள். ஊரில் பிறந்தநாள் கேக் செய்து கொடுப்பவள். மாவரைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் என் ஓவன் இருக்கிறது. அதைப் பெட்டி டிவி என்று நினைத்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்த உறவினரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன்.

வினோதினி தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுக்கு ரிஷிவந்தியத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் தினேஷ், கள்ளக்குறிச்சியில் ஒரு கம்பெனியில் வேலை. பார்க்க லட்சணமாக இருந்தான். கெட்ட பழக்கம் எதுவும் இல்லை என்று சொன்னார்கள். பேசும் பழக்கமும் இல்லை என்பதைச் சொல்லவில்லை.

பேச்சையெல்லாம் அவன் அப்பாவே பேசித் தீர்த்துவிட்டார். அவர் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே அவருக்கு ஞானோதயம் ஆகி, இயற்கை வாழ்வுக்குத் திரும்பிவிட்டார். திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. காலையில் எழுந்ததும் எங்கள் எல்லாருடைய போனுக்கும் நெல்லிக்காய், வேப்பங்கொழுந்து, மண்பானை என்று படம் படமாக அனுப்பித் தள்ளினார். எங்களுக்குள் அவருக்கு இயற்கைச் சம்பந்தி என்று பெயர் வைத்தோம்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். பேசி முடித்து, இரண்டு பக்கமும் சரி என்று ஆன பிறகு ஒரு நல்ல நாளில் வந்து இலை போட்டுச் சாப்பிடுவார்கள். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். சாப்பாடு முடிந்ததும் பெண்ணுக்குப் பூ வைப்பார்கள். அதன் பிறகு மாற்றிப் பேச முடியாது.

அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பு சம்பந்தி போன் செய்தார். மாமனார் எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டு, போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"கை நனைக்க வர்றோங்க. ஆனா ஒண்ணு. சக்கர போட்ட எதையும் நாங்க தொட மாட்டோம். அது வெசம்."

மாமனார் எங்கள் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே ஆள் உயரத்துக்கு மேலே கரும்பு நின்றது. ஆலையிலிருந்து வெட்டுவதற்கு உத்தரவு வரும் என்று காத்திருந்த கரும்பு.

"வெல்லம் போடலாங்களா?" என்றார் பாவமாக.

"வெல்லத்துல கெமிக்கலுங்க."

"நாட்டுச் சக்கர?"

"அதுல கலப்படங்க. தேனு ஒண்ணுதான். உங்க மருமவ கேக்கு செய்யுதாமே, அதையே தேனு ஊத்தி செய்யச் சொல்லுங்க. நம்ம முன்னோருங்க எல்லாம் அப்பிடித்தான் செஞ்சாங்க."

எந்த முன்னோர் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. தினைமாவில் தேனைப் பிசைந்து சாப்பிட்டவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். முட்டை அடித்து, பேக்கிங் பவுடர் போட்டு, ஓவனில் வைத்த முன்னோர் எந்த வம்சத்தில் இருந்தார்கள் என்று தெரியவில்லை.

போனை வைத்ததும் மாமனார் பொங்கிவிட்டார். "கரும்பு போட்டுப் பொழைக்கிற வூட்ல சக்கர ஆவாதாம். தேனு மட்டும் இன்னா, வேப்பெண்ணெயா? அதும் இனிப்புதான?"

அவர் கேட்டது நியாயம். ஆனால் கேட்டவர் ஒன்றும் யோக்கியர் இல்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி. வீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டு, சர்க்கரை கம்மியாகப் போட்ட டீயை முகம் சுளித்துக் குடிப்பார். பிறகு கடைத்தெருவுக்குப் போய் ஜாஸ்தியாகப் போடச் சொல்லி ஒன்று குடித்துக் கணக்கைச் சரி செய்துவிடுவார்.

பஸ் ஸ்டாண்டுச் சிவப்பு

தேன் கேக் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது சின்னசேலம் பக்கம் நான் பிறந்து வளர்ந்த ஊரும், பஸ் ஸ்டாண்டு பேக்கரியும்தான். தமிழ்நாட்டில் பிறந்தவர் எல்லாருக்கும் அந்த ஹனி கேக்கைத் தெரியும். மேலே சிவப்பாக ஜாம், அதன்மேல் தேங்காய்த் துருவல், அழுத்தினால் பாகு வடியும் பஞ்சு. அப்பா சம்பளத்தன்று அட்டைப் பெட்டியில் வாங்கி வருவார். பெட்டியின் அடியில் ஒட்டியதை வழித்துத் தின்பதற்கு எனக்கும் என் தங்கைக்கும் அடிதடி நடக்கும்.

கேக் செய்யக் கற்றுக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, அதில் தேன் கிடையாது. முழுக்க முழுக்கச் சர்க்கரைப் பாகு. இது பேக்கரிக்காரருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். ஒருத்தர்கூட அந்தக் கேக்கை நாய்க்கு வைத்துப் பரிசோதித்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஆனால் உண்மையான தேன் என்று வந்துவிட்டால் எங்கள் ஜனங்கள் வேறு ஆட்களாகிவிடுகிறார்கள்.

பாட்டில் வந்தது

என் வீட்டுக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போனார். வெள்ளிமலை வரை ஏறி, அங்கே தெரிந்தவர் ஒருவர் மூலமாக இரண்டு பெரிய கண்ணாடிப் பாட்டில் நிறைய மலைத்தேன் வாங்கி வந்தார். கறுப்பை நெருங்கிய சிவப்பு நிறம். மூடியைத் திறந்ததும் காட்டுப்பூவும் புகையும் கலந்த ஒரு வாசனை வந்தது. ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். நல்ல தேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

தேனை வைத்துக் கேக் செய்வதில் சில தகராறுகள் உண்டு. சர்க்கரை அளவுக்குத் தேனை ஊற்றினால் மாவு நீர்த்துவிடும், அதனால் பாலைக் குறைக்க வேண்டும். கொஞ்சம் சோடா உப்பு சேர்க்க வேண்டும். முக்கியமாகச் சூட்டைக் குறைக்க வேண்டும். தேன் சீக்கிரம் கருகும் சாமான். மேலே பொன்னிறமாகச் சிரிக்கும், நாம் ஏமாந்து அந்தப் பக்கம் திரும்பினால் கருத்துவிடும், உள்ளே பார்த்தால் வேகாமல் இருக்கும். இப்படிப்பட்ட மனிதர்களை நான் புகுந்த வீட்டில் ஏற்கெனவே பார்த்திருந்ததால் எனக்குப் பெரிய அதிர்ச்சி இல்லை.

முதல் கேக் கரி. இரண்டாவது, அடி மட்டும் கரி. அடுத்தது நன்றாக வந்தது, நானே பாதியைத் தின்றேன். இதிலேயே ஒரு பாட்டில் காலி. இன்னொரு பாட்டில் முழுசாக இருந்ததால் கவலைப்படவில்லை.

ஆளுக்கொரு சோதனை

அப்போதுதான் மாமனாருக்குச் சந்தேகம் வந்தது. "சம்பந்தி தேனப் பத்தி தெரிஞ்சவரு. கலப்படம்னு கண்டுபுடிச்சிட்டா பொண்ணு வூட்டுக்கு இன்னா மானம் மிஞ்சும்?"

மணிக்கு வைத்துப் பார்த்தது அதனால்தான். அது நக்கியதும் மாமனார் உடைந்துபோனார். ஆனால் எதிர்வீட்டுக்காரர் விடவில்லை. "நாய நம்பாதீங்க. தீக்குச்சிய தேன்ல முக்கி கிழிங்க. எரிஞ்சா ஒரிஜினலு" என்றார். முக்கிக் கிழித்தார்கள். எரிந்தது. வீட்டில் எல்லாருக்கும் உயிர் வந்தது.

பால் ஊற்றுகிறவர், தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போய் உட்கார வேண்டும் என்றார். டம்ளரில் ஒரு கரண்டி விட்டார்கள். போய் உட்கார்ந்தது, அவர் கரண்டியால் கலக்கியதும் கரைந்தது. திரும்பவும் உயிர் போனது. என் மாமியார் பழைய பேப்பரில் ஊற்றிப் பார்த்தார். ஊறவில்லை. உள்ளங்கையில் சுண்ணாம்போடு குழைத்தால் சுட வேண்டும் என்று யாரோ சொன்னதால் அதையும் செய்தார்கள். மாமனாருக்குச் சுட்டது, என் வீட்டுக்காரருக்குச் சுடவில்லை. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் அதில் ஒரு சண்டை.

செய்தி தெருவில் பரவியது. ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த சோதனையோடு வந்தார்கள். முட்டை மஞ்சள் கருவில் ஊற்றி வேகிறதா என்று பார்த்தார்கள். எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் வட்டமாக ஊற்றி, எறும்பு வருகிறதா என்று உட்கார்ந்து காவல் காத்தார்கள். மறுநாள் மணி தானாகவே வந்து வாசலில் காத்திருந்தது. நாய்க்குத் தெரிந்துவிட்டது, இந்த வீட்டில் அறிவாளிகள் இருக்கிறார்கள் என்று.

ஒருவர்கூட நக்கிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே ஆறவில்லை. நாய்க்குக் கொடுத்தார்கள், நெருப்புக்குக் கொடுத்தார்கள், எறும்புக்குக் கொடுத்தார்கள். நாக்கு என்ற ஒன்று தங்கள் வாயிலும் இருக்கிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

வினோதினியின் கவலை

இந்தக் கூத்து எதிலும் வினோதினி கலந்துகொள்ளவில்லை. அவளுக்கு வேறு கவலை. ஒரு சாயங்காலம் நான் மாவு சலித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, அவருகிட்ட போன்ல பேசறேன்ல, எது கேட்டாலும் அப்பாவ கேட்டுச் சொல்றேன்றாரு. கல்யாணத்துக்கு அப்பறம் நான் வேலைக்குப் போவலாமான்னு கேட்டேன். அப்பாவ கேக்கணுமாம். சரி, உங்களுக்கு டீ புடிக்குமா காப்பி புடிக்குமான்னு கேட்டேன். வூட்ல கஷாயம்தான்றாரு. புடிக்குமான்னுதான கேட்டேன்?"

"ஆளு எப்பிடி? உனுக்குப் புடிச்சிருக்கா?"

"புடிக்காமலா இத்தினி நாளு பேசிக்கினு இருக்கேன்? நல்லவருதான். ஆனா அவங்க அப்பா முன்னாடி வாயே தொறக்கலன்னா, நான் யாரு கூட அண்ணி குடும்பம் நடத்துறது?"

பூ வைப்பதற்கு முன்னால் என் முடிவைச் சொல்கிறேன் என்று அப்பாவிடம் அனுமதி கேட்டு வாங்கியிருந்தாள். அவளுக்குக் கையில் இருந்தது அந்த ஒரு சாப்பாட்டு நேரம்தான். அந்தப் பெண்ணை நினைத்து எனக்குப் பயமாக இருந்தது.

காலி பாட்டில்

கை நனைக்கும் நாள் காலையில் முட்டை அடித்து வைத்துவிட்டு, இரண்டாவது பாட்டிலை எடுத்தேன். அடியில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் இருந்தது. கவிழ்த்துப் பிடித்தால் ஒரு கரண்டி தேறும். சோதனை செய்தே தேனைத் தீர்த்திருந்தார்கள். தேன் சுத்தமானதா என்பது மட்டும் கடைசி வரை முடிவாகவில்லை.

திரும்ப மலைக்குப் போய்வர நேரம் இல்லை. நான் ரொம்ப யோசிக்கவில்லை. சர்க்கரை டப்பாவைத் திறந்து கரண்டியை உள்ளே விட்டேன்.

வினோதினி என் கையைப் பிடித்தாள்.

"வேணாம் அண்ணி."

"ஏன்டி? யாருக்குத் தெரியப் போவுது?"

"சக்கரயும் வேணாம், எதுவும் வேணாம். இனிப்பே இல்லாம செய்யி. அவரு இன்னா சொல்றாருன்னு பாக்கறேன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். பரீட்சைத் தாள் கொடுக்கும் டீச்சர் முகம். ஊரே தேனைச் சோதித்தது, இவள் மாப்பிள்ளையைச் சோதிக்கப் போகிறாள். டப்பாவை மூடிவிட்டு அந்த ஒரு கரண்டித் தேனை மட்டும் மேலே பளபளப்புக்காகத் தடவினேன். என் கையால் நான் செய்ததிலேயே மோசமான கேக் அதுதான். பார்க்க மட்டும் அவ்வளவு அழகாக வந்தது.

இலையில் முதல் இனிப்பு

ரிஷிவந்தியத்திலிருந்து காரில் வந்து இறங்கினார்கள். தினேஷ், அவன் அப்பா, அம்மா, கூட இரண்டு உறவுக்காரர்கள். அந்த அம்மா அதற்கு முன்னால் வந்தபோதும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கணவர் பேசும்போது தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். தினேஷ் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறான் என்று அப்போதே தெரிந்தது.

ஒரே வரிசையாக இலை போட்டோம். முதலில் இனிப்பு வைக்க வேண்டும். வாழையிலையில் ஆளுக்கொரு துண்டு கேக் வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றேன். வினோதினி என் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

சம்பந்தி ஒரு வாய் போட்டு, கண்ணை மூடினார்.

"ஆகா. இதுதாங்க ஒரிஜினல் மலத்தேனு. நாக்குல வெச்ச ஒடனே தெரியுது. சக்கர போட்டா இந்த இனிப்பு வருமா?"

என் மாமனார் ஒரு வாய் போட்டார். மாத்திரை விழுங்கும்போது வரும் அதே முகம் வந்தது. "அமிர்தங்க" என்றார். என் வீட்டுக்காரர் "செம" என்றார். உறவுக்காரர்களில் ஒருவர், தொண்டையில் இறங்குவதே தெரியவில்லை என்றார். சொல்லிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தார்.

"இன்னா தினேசு, எப்பிடி கீது?" என்றார் சம்பந்தி.

தினேஷ் மென்றான். மென்றுகொண்டே இருந்தான். அப்பாவைப் பார்த்தான். விழுங்கினான்.

"ம்" என்றான்.

என் முழங்கையைப் பிடித்திருந்த வினோதினியின் விரல்கள் தளர்ந்தன. அவள் உள்ளே திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏன்தான் இவள் பேச்சைக் கேட்டேன், ஒரு கரண்டி சர்க்கரை போட்டிருந்தால் எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்குமே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

"இதுல இனிப்பே இல்லியே."

யார் பேசியது என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தினேஷின் அம்மா.

"ஏம்மா, கொஞ்சம் சக்கர இருந்தா குடேன். வெள்ளச் சக்கர" என்றார் என்னைப் பார்த்து.

சம்பந்தியின் முகம் சிவந்துவிட்டது. "உனுக்கு நாக்கு செத்துப்போச்சி. இத்தினி பேரு இனிக்குதுன்றாங்க, உனுக்கு மட்டும் இனிக்கலயா?"

"இவங்கல்லாம் ஒரு நாளைக்குத் துன்றாங்க. நான் தெனமும் துன்னுக்கினு இருக்கறேன்."

மாமனார் சாம்பாரை எடுத்துவரச் சொல்லிப் பேச்சை மாற்றப் பார்த்தார். அதற்குள் தினேஷ் இலையிலிருந்து எழுந்துவிட்டான். பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழக்கூடாது, பெண் வீட்டுச் சமையலறைக்குள் மாப்பிள்ளை காலெடுத்து வைக்கவும் கூடாது. அவன் இரண்டையும் செய்தான்.

"இரும்மா. நான் எடுத்தாரேன்" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டி உள்ளே போனான்.

ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தான். துவரம்பருப்பு, தனியா, ரவை. சர்க்கரை இல்லை. சம்பந்தியின் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று என் மாமியார் அதை அப்புறப்படுத்தியிருந்தார். நான் சொல்வதற்குள் வினோதினி முந்திக்கொண்டாள்.

"அங்க இல்லீங்க. மாட்டுக் கொட்டாய்ல இருக்குது."

"சக்கரயா?"

"தவுட்டு டிரம்முக்குள்ள. வாங்க, காட்டறேன்."

இருவரும் பின்வாசல் வழியாகப் போனார்கள். ஒரு டப்பாவை எடுக்க ஆகும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஆனது. திரும்பி வந்தபோது அவனுடைய பட்டு வேட்டியில் வைக்கோல் ஒட்டியிருந்தது. நேராகப் போய் அம்மாவின் இலையில் சர்க்கரையைத் தூவினான், பிறகு தன் இலையில் தூவிக்கொண்டான்.

"எனக்கும் இனிக்கலப்பா" என்றான். "டீயும் எனக்குப் புடிக்கும். கஷாயம் புடிக்காது."

சம்பந்தி எழுந்தார். "போதும். கெளம்புங்க எல்லாரும்."

உறவுக்காரர்கள் இருவரும் எழுந்தார்கள். மாமனார் கையைப் பிசைந்துகொண்டு எழுந்தார். எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். தினேஷின் அம்மா மட்டும் எழவில்லை. சர்க்கரையைக் கேக்கின்மேல் விரலால் ஒழுங்காகப் பரப்பி, ஒரு வாய் போட்டு, நிதானமாக மென்றார்.

"நீங்க போயி கார்ல உக்காருங்க. நான் துன்னுட்டு வரேன்."

தினேஷ் அம்மாவுக்குப் பக்கத்தில் திரும்ப உட்கார்ந்தான். சம்பந்தி கைகழுவும் குழாயடிக்குப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

வினோதினி என் காதருகே வந்தாள்.

"அண்ணி, அந்த அம்மாவ எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு."

"நீ கட்டிக்கப் போறது அந்த அம்மாவையாடி?"

"அவரும் பரவால்ல" என்றாள். "பூ வெக்கலாம்னு அப்பாகிட்ட சொல்லு."